மலைவீட்டு லினக்ஸ் கணினிக்கு பிராட்பேண்ட்: கம்பத்திலிருந்து மேசை வரை

கோத்தகிரிப் பக்கத்து ஊர்களில் பிராட்பேண்ட் இணைப்புக் கேட்டு விண்ணப்பித்தால், பார்வையிட வருபவர் முதலில் கேட்பது வீடு சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான். அடுத்தது, கடைசி ஈபி கம்பம் எங்கே நிற்கிறது என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்ததும் அவர் பாதி வேலை முடிந்ததாகக் கருதுவார். கணினியில் இருப்பது லினக்ஸ் என்று சொல்லும்போதுதான் முகத்தில் சிறு தயக்கம் தெரியும். “எங்க பசங்களுக்கு அது பழக்கம் இல்லீங்க, விண்டோஸ்னா பார்த்துக் குடுத்துருவாங்க” என்பது எனக்குக் கிடைத்த பதில். அந்தத் தயக்கத்துக்குத் தேவையே இல்லை. வீட்டுக்குள் வரும் கம்பிக்கு, மறுமுனையில் எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

லினக்ஸ் பக்கத்தில் செய்ய வேண்டியது உண்மையில் அரைமணி நேர வேலை. நீலகிரியில் இணைப்பு நின்றுபோவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் கணினிக்கு வெளியே, அதாவது கம்பியிலும் சுவரிலும் மழையிலும் மின்சாரத்திலும் இருக்கின்றன. ஆனால் அந்த அரைமணி நேர வேலையை, ஒவ்வொரு கண்ணியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு செய்தவருக்கு, பின்னாளில் கோளாறு வரும்போது அது தம் கணினியிலா, பெட்டியிலா, வெளியே கம்பத்திலா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். ஒரே லைன்மேன் பல ஊர்களைப் பார்க்கும் மலையில், அவரை வரவழைக்கும் முன் இதைச் சொல்லத் தெரிந்திருப்பது ஒரு நாளையோ இரண்டு நாளையோ மிச்சப்படுத்தும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே, வெளியிலிருந்து உள்ளே செல்கிறது.

வீட்டுக்கு வருவது எவ்வகைக் கம்பி

இன்று மலையில் பெரும்பாலான புதிய இணைப்புகள் ஃபைபர்தான். மின்கம்பங்களின் மேல் கட்டி இழுத்துவரப்படும் மெல்லிய கறுப்பு டிராப் கேபிள் வீட்டுக்குள் நுழைந்து, ஓஎன்டி எனப்படும் சிறு பெட்டியில் முடிகிறது. பேச்சுவழக்கில் இதை மோடம் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். பெயரைப் பற்றிச் சண்டை வேண்டாம். இதன் பின்னால் உள்ள முறைக்கு ஜிபான் என்று பெயர். நிலையத்திலிருந்து வரும் ஒரே ஒரு கண்ணாடி இழையை, வழியில் உள்ள பிரிப்பான்கள் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. இறங்கு திசையில் 1490 நானோமீட்டர் ஒளியும் ஏறு திசையில் 1310 நானோமீட்டர் ஒளியும் அதே இழையில் ஒன்றையொன்று இடிக்காமல் செல்கின்றன. நமக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்று உண்டு: வழியில் உள்ள அந்தப் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே ஊரில் கரன்ட் போனாலும், நிலையத்திலும் நம் வீட்டுப் பெட்டியிலும் மட்டும் மின்சாரம் இருந்தால் இணைப்பு உயிரோடு இருக்கும். உள்ளூர் கேபிள்காரர் வழியே வரும் சில இணைப்புகளில் நடுவழியில் மின்சாரம் கேட்கும் கருவிகளும் இருக்கக்கூடும். இணைப்பு வாங்கும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய தொலைபேசிக் கம்பியின் மேல் வரும் ஏடிஎஸ்எல் இன்னும் வைத்திருப்பவர்கள், மோடத்தில் விபிஐ, விசிஐ என்ற இரு எண்களைச் சரிபார்க்க வேண்டும். பிஎஸ்என்எல் செப்புக் கம்பிகளில் அவை 0, 35. தொலைபேசிக்கும் மோடத்துக்கும் நடுவே, குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருக்க வேண்டும். நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும் என்பதால், தள்ளி நிற்கும் எஸ்டேட் வீடுகளில் இதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க முடியாது. கம்பியே எட்டாத இடங்களில் 4ஜி, 5ஜி வழி வரும் பெட்டிகள் உள்ளன. அவற்றுக்குக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் இடமே நல்லது, பள்ளத்தாக்கின் தவறான சரிவில் வீடு இருந்தால் விளம்பரத்தில் சொன்ன வேகம் வராது. எந்த வகையானாலும் கணினிக்கு வந்து சேரும்போது அது ஒரு ஈதர்நெட் கம்பியாகவோ வைஃபையாகவோதான் வருகிறது என்பதால், இனிக் கணினிப் பக்கம் பற்றி வருபவை மூன்றுக்கும் பொருந்தும்.

இணைப்புக் கொடுக்கும் நாளில் பார்க்க வேண்டியவை

ஃபைபர் கம்பி சுவர் ஓரமாக வரும் பாதையை நாமே முன்கூட்டி முடிவு செய்து வைக்க வேண்டும். கண்ணாடி இழையை உள்ளங்கை அகலச் சுருளுக்குக் குறைவாக மடக்கக் கூடாது. கூர்மையாக மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். முதல் ஆண்டில் என் இணைப்பு அடிக்கடி தடுமாறியபோது, குற்றம் லினக்ஸில்தான் என்று நானே நம்பி, இரண்டு நாள் செலவழித்து இயங்குதளத்தை மறுபடி நிறுவினேன். கடைசியில் பார்த்தால், துணி அலமாரியைச் சுவரோடு தள்ளி வைத்தபோது அதன் முதுகில் கம்பி நசுங்கியிருந்தது. அலமாரியை நான்கு விரல் முன்னால் இழுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

ஓஎன்டி பெட்டியில் செருகப்படும் முனை பெரும்பாலும் பச்சை நிறமாக இருக்கும். அதன் நுனி எட்டுப் பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது. நீல நிற முனை நேராகத் தீட்டப்பட்டது. இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் ஒளி வீணாவதோடு நுனிகளும் கெடும். அந்த நுனியை விரலால் தொடுவதும் சட்டை ஓரத்தால் துடைப்பதும் கூடாது. உள்ளே கண்ணை வைத்துப் பார்ப்பதும் கூடாது; அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். நீலகிரியின் ஈரத்தில் சுவர்ப்பெட்டிக்குள் பூஞ்சை படிவது உண்டு, ஆகவே பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய குளிர்ந்த மூலையில் வைக்காமல் உட்சுவரில் வைக்கச் சொல்லுங்கள்.

பொருத்தி முடிந்ததும் விளக்குகளைப் பாருங்கள். பான் என்று எழுதிய விளக்கு பச்சையாக அசையாமல் எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெட்டி இன்னும் நிலையத்தில் பதிவாகவில்லை. லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. அடுத்து, வந்தவர் கிளம்பும் முன்பே ஒளியின் அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் உள்பக்கத்தில் அது டிபிஎம் அலகில் எதிர்மறை எண்ணாகத் தெரியும். மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை இருந்தால் பெட்டி வேலை செய்யும் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு மூன்று எண் குறைவுக்கும் ஒளி பாதியாகிறது என்பதால், மைனஸ் 21-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே நான்கு மடங்கு வேறுபாடு இருக்கிறது. இணைப்புக் கொடுத்த அன்றே மைனஸ் 26 என்றால், முதல் மழைக்கே அது விழுந்துவிடும். மறுபடி ஜாயின்ட் போட்டுத் தரச் சொல்வதற்கு அதுவே சரியான நேரம். என் வீட்டில் முதல் நாள் மைனஸ் 21 இருந்தது. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதே சீட்டில் பயனர்பெயர், கடவுச்சொல், சந்தாதாரர் எண், பெட்டியின் முகவரி ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். இணைப்புக் கொடுப்பவர் தம் கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் போய்விடும் வழக்கம் உண்டு. பிறகு கேட்டால் எவரிடமும் அந்தக் கடவுச்சொல் இருக்காது.

கணினியைத் தயார் செய்தல்

மேசைக் கணினியானால் ஈதர்நெட் துளை பெரும்பாலும் இருக்கும், அதை லினக்ஸ் கரு ஏறக்குறைய எப்போதும் தானாகவே அடையாளம் காணும். சிக்கல் மடிக்கணினிகளில் வருகிறது. சில பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கும், கடையில் மலிவாகக் கிடைக்கும் சில ரியல்டெக் யுஎஸ்பி வைஃபை குச்சிகளுக்கும் தனி இயக்கி, அதாவது கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள், தேவைப்படுகிறது. அந்த இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த இயக்கி வேண்டும் என்ற வட்டத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இதிலிருந்து வெளிவர எளிய வழி ஆண்ட்ராய்டு கைப்பேசி. கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யுஎஸ்பி டெதரிங் என்பதை அதன் அமைப்புகளில் இயக்கினால், லினக்ஸ் அதை ஒரு கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. பிறகு உபுண்டு, மின்ட் ஆகிய லினக்ஸ் வகைகளில் உள்ள கூடுதல் இயக்கிகள் என்ற கருவியைத் திறந்தால், அந்தச் சில்லுக்கு உரியதை அதுவே எடுத்துக்காட்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துபவர்களுக்கு 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இத்தொல்லை குறைந்துவிட்டது. சில்லுக்குள் ஏற்ற வேண்டிய, அதுவரை தனியே தேடவேண்டியிருந்த ஃபர்ம்வேர் கோப்புகள் அதிலிருந்து நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கணினியை அணைத்தாலும் அது முழுமையாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் விடப்பட்ட வலையமைப்பு அட்டையை லினக்ஸால் சில நேரம் எழுப்ப முடிவதில்லை. ‘நேற்றுவரை வேலை செய்தது, இன்று துளையே தெரியவில்லை’ என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த வசதியை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

நெடுநாள் மூடிக் கிடந்த பழைய கணினிகளில் கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி எந்தத் தளமும் திறக்காது, இணைப்பே இல்லை என்று நாம் எண்ணிக்கொள்வோம்.

பெட்டியா, கணினியா, டயல் செய்வது யார்

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் மீதி அமைப்பு முழுவதும் விளங்கிவிடும். நிறுவனத்தின் பக்கத்தில் பெரும்பாலும் பிபிபிஓஇ என்ற முறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன. 1999-இல் வரையறுக்கப்பட்ட பழைய முறை இது, இன்றும் ஃபைபரின் மேல் ஓடுகிறது. அந்தப் பெயரையும் சொல்லையும் பெட்டியே வைத்துக்கொண்டு தானே நுழைந்தால் அது ரவுட்டர் முறை. பெட்டி கம்பியில் வருவதைக் கடத்திவிடுவதோடு நின்று, நுழையும் வேலையைக் கணினியிடம் விட்டால் அது பிரிட்ஜ் முறை.

ரவுட்டர் முறையில் லினக்ஸில் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. ஈதர்நெட் கம்பியைச் செருகினால், 2004 முதல் வளர்ந்துவந்து இன்று பெரும்பாலான மேசைக் கணினி லினக்ஸ்களில் உள்ள நெட்வொர்க்மேனேஜர், பெட்டியிடமிருந்து ஒரு முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மேல்பட்டையில் உள்ள வலையமைப்புச் சின்னத்தைச் சொடுக்கி விவரங்களைத் திறந்தால் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியும், இயல்பு வழி என்ற தலைப்பில் பெட்டியின் முகவரியும் தெரியும். இந்தப் பெட்டி முகவரி 192.168.1.1 ஆகவோ 192.168.0.1 ஆகவோ இருப்பது வழக்கம். அதையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் மிகவும் தேவைப்படும். நான்கைந்து கருவிகள் உள்ள வீட்டுக்கு ரவுட்டர் முறையே போதுமானது. யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பிரிட்ஜ் முறையை வேண்டுமென்றே வைத்திருப்பவர்களும் அப்படியே கொடுத்துவிட்டுப் போகப்பட்டவர்களும் இருக்கிறார்கள். உபுண்டுவின் வழக்கமான அமைப்புகள் பக்கத்தில் இதற்கான இடம் கண்ணில் படாது. நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் என்ற பழைய சாளரத்தைத் தேடித் திறந்து, கூட்டல் குறியைச் சொடுக்கி, வகைகளில் டிஎஸ்எல் அல்லது பிபிபிஓஇ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாய் இடைமுகம் என்று கேட்கும் இடத்தில் ஈதர்நெட் அட்டையைக் கொடுங்கள். பயனர்பெயரை, கொடுத்த வடிவிலேயே, வால் பகுதியில் நிறுவனத்தின் பெயர் சேர்ந்திருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். சேவை என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். தானாக இணையவும் என்பதைக் குறியிட்டுச் சேமித்தால் முடிந்தது. கடவுச்சொல் தவறாக இருந்தால், நெட்வொர்க்மேனேஜரின் பதிவுகளை ஜர்னல்சிடிஎல் ஆணையால் பார்க்கும்போது பேப் அல்லது சேப் (கடவுச்சொல்லைச் சோதிக்கும் முறைகள்) சரிபார்ப்புத் தோல்வி என்று ஒரு வரி நிற்கும். அந்த வரியையே சேவைப் பிரிவில் படித்துக் காட்டினால், லினக்ஸ் தெரியாது என்று சொல்பவருக்கும் காரியம் புரிந்துவிடும்.

பிரிட்ஜ் முறையில் கணினி நேரே பொதுவெளியில் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர் நிறுவப்பட்டே வருகிறது, ஆனால் இயக்கப்பட்டு வருவதில்லை. வெளியிலிருந்து வருவதை மறுப்பது அதன் இயல்பு நிலை என்பதால், இயக்கினாலே வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதும்.

மலையில் அடிக்கடி காணும் ஒரு விநோதம் இந்த முறையோடு சேர்ந்தது. கரன்ட் சட்டென்று போய் உடனே வந்தால், நம் பக்கம் தொடர்பு அறுந்தது நிலையத்துக்குத் தெரியாமல் பழைய அமர்வு அங்கே நிலுவையில் நின்றுவிடும். அப்போது சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. உடனே அமைப்பை மாற்றத் தொடங்காமல், பெட்டியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். உள்ளூர் கேபிள்காரர்களின் இணைப்பில் வேறொரு தடையும் வரும். சிலர் முதலில் இணைந்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அந்த வலையமைப்பு அட்டைக்கே உரிய எண்ணை, கட்டிவைத்துவிடுகிறார்கள், கணினியை மாற்றினால் இணைப்பு வராது. அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லையென்றால், இணைப்பின் ஈதர்நெட் பக்கத்தில் நகல் மேக் முகவரி என்ற கட்டத்தில் பழைய கணினியின் முகவரியை எழுதி, அன்றைய வேலையை ஓட்டிவிடலாம்.

முதல் நாள் கம்பியில், பிறகு வைஃபையில்

எவ்வளவு அவசரமானாலும் முதலில் ஈதர்நெட் கம்பியில் இணைத்து, எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகே வைஃபைக்குப் போங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் கோளாறு எதில் என்று பிரிக்க முடியாது. கம்பியிலும் ஒரு நுட்பம் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட் வேகம்வரை, கம்பிக்குள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் நான்கு இணைகளில் இரண்டு போதும், அதற்கு மேல் ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 95-க்கு மேல் ஏறவில்லை என்று திகைப்பவர்கள், பெரும்பாலும் ஒரு இணை அறுந்த கம்பியையோ பழைய 100 மெகாபிட் துளையையோ வைத்திருக்கிறார்கள். வலையமைப்பு விவரங்களில் இணைப்பு வேகம் என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வரியில் உள்ளது மெகாபிட், பதிவிறக்கச் சாளரம் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்தால் கணக்கு நேராகும். 30 மெகாபிட் திட்டத்தில் நொடிக்கு 3.75 மெகாபைட் இறங்கினால் குறை சொல்ல எதுவும் இல்லை.

வைஃபையைப் பொறுத்தவரை மலைவீடுகள் தனி வகை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள பழைய பங்களாக்களின் ஒன்றரை அடிக் கல்சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டும், இரண்டாவதில் தளர்ந்துவிடும். தகரக் கூரையும் தகரத் தடுப்பும் இரண்டையும் திருப்பி அனுப்பும். ஆகவே பெட்டியைக் கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் வரும் இடத்தில் வைப்பது, விலையுயர்ந்த ரவுட்டர் வாங்குவதைவிடப் பயன் தரும். நடு அறைவரை நல்ல ஈதர்நெட் கம்பி ஒன்றை இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை பெட்டியை வைப்பது அதைவிட நல்லது. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் வீட்டுக்கும் தனியே நிற்கும் கொட்டகைக்கும் நடுவே வெட்டவெளியில் செப்புக் கம்பியை இழுக்காதீர்கள். இடிமின்னல் காலத்தில் அது இரு கட்டடங்களிலும் உள்ள கருவிகளைக் கொல்லும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். எஸ்டேட் லைன் வீடுகள்போல் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், பக்கத்து வீட்டார் எதில் இருக்கிறார்களோ அதை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட்டு, கடவுச்சொல் எழுதாமலே கருவிகளை இணையவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை சில நிமிடத்துக்கு ஒருமுறை சோம்பி நின்றால், காரணம் மின்சேமிப்பாக இருக்கலாம். உபுண்டு வகைகளில் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புறைக்குள் வைஃபை மின்சேமிப்புக்கென்றே ஒரு சிறு கோப்பு இருக்கிறது. அதில் உள்ள 3 என்ற எண்ணை 2 ஆக மாற்றிக் கணினியை மறுதொடக்கம் செய்தால் சேமிப்பு அணைந்துவிடும். பேட்டரி சற்று விரைவில் இறங்கும் என்பது தவிர வேறு இழப்பு இல்லை.

மூன்று கேள்விகள்

இணைப்பு வேலை செய்யவில்லை என்று தோன்றும் எந்த நேரத்திலும், ஆணைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் ஆணையால் மூன்று முகவரிகளை, இந்த வரிசையில் மட்டும் கேளுங்கள். விண்டோஸைப்போல நான்கு முறையோடு நிற்காமல் லினக்ஸ் பிங் தொடர்ந்து ஓடும் என்பதால், கன்ட்ரோலும் சியும் அழுத்தி நிறுத்த வேண்டும்.

முதலில் பெட்டியின் முகவரி, அதாவது சீட்டில் எழுதிவைத்த 192.168.1.1. பதில் வரவில்லையென்றால் கோளாறு நம் வீட்டுக்குள் உள்ளது: கம்பி, வைஃபை, இயக்கி, அணைந்த பெட்டி, இவற்றில் ஒன்று. எந்த நிறுவனத்துக்கும் தொலைபேசி செய்வதில் பயனில்லை. அடுத்து, வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8. பெட்டி பதில் சொல்லி இது சொல்லாவிட்டால், கோளாறு பெட்டிக்கு அப்பால். அப்போது உலாவியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து ஒளி அளவைப் பாருங்கள். சீட்டில் மைனஸ் 21 என்றிருந்தது மைனஸ் 29 ஆகியிருந்தால் கம்பி எங்கோ அடிபட்டிருக்கிறது. ஒளி பழைய அளவிலேயே இருந்து பிபிபிஓஇ மட்டும் நுழையவில்லையென்றால், சந்தா தீர்ந்ததோ நிலையத்துக் கோளாறோ காரணமாக இருக்கலாம். மூன்றாவதாக, எண் இல்லாமல் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் படுத்திருக்கிறது. இணைப்பின் ஐபிவி4 பக்கத்தில் தானியங்கி டிஎன்எஸை அணைத்து, பொது டிஎன்எஸ் முகவரிகளான 1.1.1.1, 8.8.8.8 என்ற இரண்டையும் காற்புள்ளி இட்டு எழுதிச் சேமித்து, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

இந்த மூன்று விடைகளோடு புகார் செய்பவரை, ‘மோடத்தை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று சொல்லி எவரும் திருப்பி அனுப்ப முடியாது. “லாஸ் எரியலைங்க, ஆனா பவர் மைனஸ் 29 காட்டுது, போன மாசம் 21 இருந்துச்சு” என்று சொன்னால், லைன்மேன் ஏணியையும் இழையை ஒட்டும் ஸ்ப்ளைஸ் கருவியையும் கையோடு எடுத்துக்கொண்டு வருவார்.

சில தளங்கள் மட்டும் திறக்காமல் இருப்பது

மூன்று கேள்விகளுக்கும் சரியான பதில் வந்தும், சில தளங்கள் உடனே திறப்பதும் சில பாதியிலேயே நின்றுபோவதுமாக இருந்தால், அது பொட்டல அளவுச் சிக்கலாக இருக்கலாம்; தரவு துண்டு துண்டாகச் செல்லும், அந்தத் துண்டுதான் பொட்டலம். ஈதர்நெட் ஒரு பொட்டலத்தில் 1500 பைட் ஏற்றும். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 மட்டுமே மிஞ்சும். பெட்டி இதைச் சரியாக அறிவிக்காவிட்டால் பெரிய பொட்டலங்கள் வழியிலேயே தொலைந்துபோகும். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு பிங் ஆணையில் அளவை 1464 என்று கொடுத்துப் பாருங்கள். 28 பைட் தலைப்போடு சேர்ந்து அது சரியாக 1492 ஆகும். அதற்குப் பதில் வந்து, 1472-க்கு வராவிட்டால் இதுதான் நோய். இணைப்பின் ஈதர்நெட் அல்லது வைஃபை பக்கத்தில் பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியு என்ற கட்டத்தில் 1492 என்று எழுதுவதே மருந்து.

காற்று, கரன்ட், மின்னல்

ஜூன், ஜூலை மாதங்களில் உதகை, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குக் காற்று கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை முறித்துக் கம்பியின் மேல் போடும். அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்கு மழை மண்ணையே சரித்துவிடும். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் கைப்பேசி டெதரிங்கே மாற்று வழி. நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்பைக் கட்டண அளவுள்ளது என்று குறித்து வையுங்கள். அக்குறியை மதிக்கும் மென்பொருள்கள் பெரிய புதுப்பிப்புகளைத் தாமாக இறக்காமல் நிறுத்திவைக்கும்.

ஓஎன்டி பெட்டிக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பதுதான் இந்த முழு அமைப்பில் மிகப் பயனுள்ள செலவு. வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர், முனையின் நேர் எதிர் குறி ஆகியவற்றைப் படித்து, அதே அளவுக்குப் பொருத்தமானதை வாங்குங்கள். மடிக்கணினியும் இருந்தால் சில மணி நேர மின்வெட்டு வேலையைப் பாதிக்காது.

ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னல் அதன் வழியே வராது என்று சொல்வார்கள். இழைக்கு அது உண்மை, ஆனால் டிராப் கேபிளைத் தாங்க உள்ளே எஃகுக் கம்பி வைத்திருப்பது வழக்கம். மின் இணைப்பு வழியாகவும் அதிர்வு வரும். சித்திரை, வைகாசி மாதப் பிற்பகல் இடிக்கு அடாப்டரைப் பிடுங்கிவிடுவதே நல்லது, கூடவே பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள ஈதர்நெட் கம்பியையும் எடுத்துவிட வேண்டும்.

விட்டு விட்டு வரும் கோளாறு

லைன்மேன் வரும்போது நன்றாக வேலை செய்து, அவர் ஜீப் திரும்பியதும் நின்றுபோகும் கோளாறு ஒன்று எல்லா மலைவீட்டுக்கும் எப்போதாவது வரும். இதற்கு லினக்ஸ் உண்மையிலேயே கை கொடுக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டிக்கும் 8.8.8.8-க்கும் ஒரே ஒரு பிங் அனுப்பி, பதில் வந்ததா இல்லையா என்பதை நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்க்கும் நான்கு வரி பேஷ் நிரலை (டெர்மினல் ஆணைகளின் தொகுப்பு) எழுதி, குறித்த நேரத்தில் அதை ஓட்டும் க்ரான் பட்டியலில் போட்டுவிடுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை அது தானாகக் கணக்கு எழுதும், ஒரு வாரத்துக்கும் சில நூறு கிலோபைட்டுக்கு மேல் இடம் பிடிக்காது.

எனக்கு அந்தக் கோப்பு ஒன்பது நாள் ஓடியது. பெட்டி ஒருமுறைகூடத் தவறவில்லை; வெளி முகவரி மட்டும் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள், அதுவும் காற்று வீசிய நாட்களில் மட்டும் தவறியிருந்தது. காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்ததும் லைன்மேன் வீட்டுக்குள் வராமல் நேரே தேயிலைத் தோட்டத்து ஓரமாக இறங்கிப் போனார். மூன்றாவது கம்பத்தில் ஜாயின்ட் பெட்டியின் மேல் சில்வர் ஓக் கிளை ஒன்று காற்றுக்குத் தகுந்தபடி சாய்ந்து உரசிக்கொண்டிருந்தது. கிளையை வெட்டி, ஜாயின்ட்டை மாற்றிப் போட்டுவிட்டு வந்து, “இப்ப எவ்வளவு காட்டுதுங்க?” என்று கேட்டார். மைனஸ் 20. சீட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டேன்.